மாநில பட்ஜெட்டும் வடசென்னையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் பட்ஜெட் சமயத்தில் எழும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம். வேறு ஆண்டு சொல்லாத இடங்களில், தொகைகள் எல்லாம் 2025 மார்ச் 14 அன்று சட்டமன்றத்தில் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த 2025-26 பட்ஜெட்டில் உள்ளவை.

பட்ஜெட்டைப் போடுவது நிதியமைச்சரா, அதிகாரிகளா?

இருவரும்தான். ஆனால் வேலை தொடங்குவது கீழ்மட்டத்தில். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நிதித்துறையிலிருந்து எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கை போகும். இந்த ஆண்டு இதுவரை என்ன செலவு, மார்ச் முடிய இன்னும் எவ்வளவு ஆகும், அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்பார்கள். ஸ்டான்லி மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். பணியிடங்கள் எத்தனை, அதில் ஆள் இருப்பது எத்தனை, மருந்து, மின்கட்டணம், கருவிப் பராமரிப்பு என்று கணக்குப் போட்டு அது மருத்துவக் கல்வி இயக்ககத்துக்குப் போகும். மற்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் கணக்கோடு சேர்ந்து கோட்டையில் உள்ள சுகாதாரத் துறைக்கும், அங்கிருந்து நிதித்துறைக்கும் நகரும்.

நிதித்துறை வெட்டும். வெட்டுவார்கள் என்று தெரிந்தே துறைகள் கொஞ்சம் கூட்டிக் கேட்கும். கூட்டித்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்தே நிதித்துறையும் இன்னும் கொஞ்சம் வெட்டும். இது எல்லா மாநிலத்திலும் உள்ள பழக்கம்.

இது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் செலவின் கதை. புதிதாக ஒன்று வேண்டுமென்றால் வழி வேறு. சிறிய புதுச் செலவுகளை, அதாவது ஒரு கருவி, ஒரு கட்டடம், சில பணியிடங்கள் போன்றவற்றை, 'பகுதி இரண்டு திட்டங்கள்' என்ற பட்டியலில் சேர்த்து, துறைகள் முன்னுரிமை வரிசைப்படி அனுப்பும். பெரிய திட்டங்கள் அமைச்சர், நிதியமைச்சர், முதலமைச்சர் மட்டத்தில் முடிவாகும். கடைசியில் அமைச்சரவை ஒப்புதல், ஆளுநரின் பரிந்துரை, அப்புறம் சட்டமன்றம்.

அப்படியானால் நாங்கள் கோரிக்கை வைக்க வேண்டியது எப்போது?

ஆகஸ்ட், செப்டம்பரிலேயே. பெரும்பாலான சங்கங்கள் தவறுவது இங்கேதான். ஜனவரி கடைசியில் 'பட்ஜெட் வருகிறது' என்று செய்தி பார்த்தபிறகு மனு எழுதுகிறோம். அந்த நேரத்தில் துறைகளின் கணக்கு நிதித்துறைக்குப் போய், பேச்சுவார்த்தையும் பெரும்பாலும் முடிந்திருக்கும். வண்ணாரப்பேட்டையிலிருந்து கோட்டைக்கு எத்தனையோ பேருந்துகள் போகின்றன. ஆனால் ஒரு மனு அதே தூரத்தைக் கடக்கச் சில மாதங்கள் பிடிக்கும்.

யாரிடம் கொடுப்பது என்பதும் முக்கியம். முதலமைச்சருக்கு எழுதினாலும் மனு கடைசியில் சம்பந்தப்பட்ட துறைக்குத்தான் திரும்பி வரும். பள்ளிக்கூடக் கட்டடம் என்றால் மாவட்டக் கல்வி அலுவலகம், மருத்துவமனை என்றால் அதன் டீன், மீனவர் சம்பந்தப்பட்டது என்றால் மீன்வளத்துறையின் உதவி இயக்குநர் அலுவலகம் என்று தொடங்கி, நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்குக் கொடுங்கள். கீழே இருக்கும் அலுவலகம் அனுப்பும் மதிப்பீட்டில் உங்கள் கோரிக்கை ஒரு வரியாக ஏறிவிட்டால், அதை மேலே இருப்பவர் வெட்டினால்தான் உண்டு. ஏறாமலே இருந்தால் வெட்டுவதற்கும் ஒன்றுமில்லை.

2022-ல் 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்தின் கீழ் 234 உறுப்பினர்களிடமும் தொகுதிக்குப் பத்து முக்கியக் கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரிடம் தரச் சொன்னார்கள். உங்கள் தொகுதியின் பட்டியலில் என்ன இருந்தது என்று கேட்டுப் பார்க்கலாம்.

அரசுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

வருவாய் வரவு மொத்தம் 3,31,569 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இதில் மாநிலத்தின் சொந்த வரி 2,20,895 கோடி, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. மத்திய வரிகளில் நமக்கு வரும் பங்கு 58,022 கோடி, மத்திய அரசின் மானியம் 23,834 கோடி, கட்டணம், வட்டி, கனிமம் போன்ற வரியல்லாத வருவாய் 28,818 கோடி.

சொந்த வரியில் பெரியது வணிகவரி, 1,63,930 கோடி. ஜி.எஸ்.டி.யில் மாநிலப் பங்கு, பெட்ரோல், டீசல், மது மீதான விற்பனை வரி எல்லாம் இதில் அடக்கம். பத்திரப் பதிவு 26,109 கோடி, வாகன வரி 13,441 கோடி, மது மீதான ஆயத்தீர்வை 12,944 கோடி.

டாஸ்மாக் பணத்தில்தான் அரசு ஓடுகிறது என்கிறார்களே?

பாதி உண்மை. 2024-25-ல் மதுவால் அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். சின்னத் தொகை இல்லை. பட்ஜெட்டில் ஆயத்தீர்வை வரியை மட்டும் பார்த்துவிட்டு 'இவ்வளவுதானா' என்று நினைக்கக் கூடாது. பெரும்பகுதி விற்பனை வரியாக வணிகவரிக் கணக்குக்குள் போய்விடுகிறது. ஆனாலும் மொத்த வருவாயோடு ஒப்பிட்டால் அது ஆறில் ஒரு பங்குக்கும் கீழேதான். கடையை மூடினால் அரசே நின்றுவிடும் என்பது மிகை. அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவார்கள் என்ற கேள்வி நியாயமானது, அதற்கு எந்தக் கட்சியும் நேராகப் பதில் சொன்னதில்லை.

துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை எல்லாம் நம் பக்கம். அந்த வருமானம் நமக்கு வருகிறதா?

நேராக வருவதில்லை. கன்டெய்னர் லாரிகள் நம் சாலையில்தான் வரிசை கட்டி நிற்கின்றன. சுங்க வரி மத்திய அரசுக்குப் போகிறது. மணலியில் பிரியும் பெட்ரோல், டீசல் மீதான மத்திய கலால் வரியும் அப்படியே. மத்திய அரசு வசூலிக்கும் வரிகளில் பகிரத்தக்க தொகுப்பிலிருந்து 41 விழுக்காடு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துப் போகும் என்று, மத்திய வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது எனப் பரிந்துரைக்கும் 15-வது நிதிக் குழு சொன்னது. அதில் 2021 முதல் 2026 வரையான காலத்துக்குத் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு. 13-வது நிதிக் குழு காலத்தில் இது 4.969 ஆக இருந்தது. செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் வசூலாவது இந்தத் தொகுப்பிலேயே சேராது. எரிபொருளில் வசூலாவதில் பெரும்பகுதி இப்படித்தான் வெளியே நிற்கிறது.

அதே பெட்ரோல் தண்டையார்பேட்டை பங்க்கில் விற்கும்போது விழும் விற்பனை வரி மாநிலத்துடையது. ஆனால் 'இது வடசென்னையில் வசூலானது, வடசென்னைக்கே செலவாகட்டும்' என்று ஒதுக்கும் முறை இல்லை. எல்லாம் மாநிலத்தின் தொகுப்பு நிதி என்ற ஒரே பெட்டிக்குள் போகும். புகையும் எண்ணெய்க் கசிவும் ஓர் இடத்தில், வருவாய் இன்னோர் இடத்தில் என்ற நம் மக்களின் குறை இதிலிருந்து வருவதுதான். குறையில் நியாயம் இருக்கிறது.

இவ்வளவு வந்தும் எது கேட்டாலும் 'நிதி இல்லை' என்கிறார்களே, ஏன்?

இந்தக் கேள்விக்கு எண்களைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். சம்பளம் 90,464 கோடி. ஓய்வூதியம் 41,290 கோடி. வாங்கிய கடனுக்கு வட்டி 70,754 கோடி. மூன்றும் சேர்ந்து 2,02,508 கோடி. வருவாயில் நூற்றுக்கு 61 ரூபாய் இதிலேயே கரைந்துவிட்டது. இதில் கைவைக்க முடியாது. ஆசிரியருக்கும் செவிலியருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் கொடுத்தாக வேண்டும். வட்டி தவறினால் அடுத்த கடன் கிடைக்காது.

மிச்சம் இருப்பது ஏறத்தாழ 1,29,000 கோடி. ஆனால் மானியங்களும் உதவித்தொகைகளும் உள்ளாட்சிகளுக்குக் கொடுப்பதும் சேர்ந்து 1,53,724 கோடி. மகளிர் உரிமைத் தொகை மட்டும் 13,807 கோடி. மின்சாரம், ரேஷன், பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அதாவது, ஒரு பள்ளம் மூடுவதற்கு முன்பே, ஓட்டுக் கட்டடத்தில் ஒரு ஓடு மாற்றுவதற்கு முன்பே, வரவைத் தாண்டிவிட்டது. பராமரிப்பு, நடைமுறைச் செலவு என்று இன்னும் 16,973 கோடி சேர்ந்தால் வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி.

பாலம், மருத்துவமனைக் கட்டடம், குடிநீர்க் குழாய் போன்ற மூலதனச் செலவு 57,231 கோடி. வருவாயில்தான் ஒன்றும் மிஞ்சவில்லையே. ஆகவே இது முழுக்கக் கடன். துறைச் செயலாளர் 'நிதி இல்லை' என்றால் அவர் பொய் சொல்கிறார் என்று எப்போதும் நினைக்க வேண்டாம். எந்தச் செலவு முன்னால், எது பின்னால் என்ற முடிவு அவருக்கு மேலே எடுக்கப்படுகிறது. அந்த முடிவைக் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும்.

கடன் ஒன்பது லட்சம் கோடியாமே. ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் இரண்டரை லட்சம் என்றார்களே?

2021 ஆகஸ்ட்டில் மாநில நிதிநிலை பற்றி அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் வந்த கணக்கு அது: அப்போதைய கடன் 5.70 லட்சம் கோடி, ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய். 2026 மார்ச் 31 அன்று நிலுவை 9,29,959 கோடியாக இருக்கும் என்று பட்ஜெட் மதிப்பிட்டது. மாநில உற்பத்தி மதிப்பில் அது 26.07 விழுக்காடு.

குடும்பத்துக்கு இவ்வளவு என்று வகுப்பது மேடைக்கு நன்றாக இருக்கும், புரிதலுக்கு உதவாது. யாரும் உங்கள் வீட்டுக்கு வந்து வசூலிக்கப் போவதில்லை. பார்க்க வேண்டியது வேறு இரண்டு. ஒன்று, வருவாயில் ஒவ்வொரு ரூபாயிலும் 21 காசு வட்டிக்குப் போகிறது. இன்னொன்று, நிதிப் பற்றாக்குறையான, அதாவது அந்த ஆண்டு கடனாகத் திரட்ட வேண்டிய, 1,06,963 கோடியில் 41,635 கோடி அன்றாடச் செலவுக்குத்தான். கடன் வாங்கிப் பாலம் கட்டினால் பாலமாவது மிஞ்சும்.

மாநிலம் நினைத்த அளவுக்குக் கடன் வாங்கவும் முடியாது. மத்திய அரசுக்குக் கடன் பாக்கி இருக்கும்வரை அரசமைப்புச் சட்டத்தின் 293-வது பிரிவுப்படி அதன் ஒப்புதல் வேண்டும். 2025-26-ல் வரம்பு மாநில உற்பத்தியில் 3 விழுக்காடு. மின்துறைச் சீர்திருத்தம் செய்தால் இன்னொரு அரை.

பட்ஜெட் வாசித்தபிறகு சட்டமன்றத்தில் என்ன நடக்கும்?

முதலில் பொது விவாதம், நிதியமைச்சர் பதில். அதன்பின் துறைவாரியாக மானியக் கோரிக்கைகள், அதாவது இந்தத் துறைக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டு வாக்கெடுப்புக்கு வைப்பது. பள்ளிக் கல்வி 43, சுகாதாரம் 19, காவல்துறை 22 என்று ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. அமைச்சர் அன்று கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை வைப்பார், பதிலுரையின் முடிவில் புது அறிவிப்புகளைப் படிப்பார். கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லி எதிர்க்கட்சிகள் வெட்டுத் தீர்மானம் கொடுக்கும், அவை நிறைவேறுவதில்லை. கடைசியில் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு நிறைவேறும். அது சட்டமானால்தான் தொகுப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க முடியும்.

வட்டி, ஆளுநரின் செலவு, உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் போன்றவற்றுக்கு வாக்கெடுப்பு கிடையாது.

பட்ஜெட் உரையை மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். உங்கள் பகுதிக்கான அறிவிப்பு பெரும்பாலும் மானியக் கோரிக்கை நாளில்தான் வரும். 2025-ல் அந்த நாட்கள் ஏப்ரல் கடைசி வரை நீண்டன.

காசிமேட்டில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15-ல் தொடங்குகிறது. மானியக் கோரிக்கை அதற்குள் முடியாதே, நிவாரணம் எப்படிக் கொடுப்பார்கள்?

நிதியாண்டு ஏப்ரல் 1-ல் பிறந்துவிடும், ஒதுக்கீட்டுச் சட்டம் அதற்குப் பின்தான் வரும். இடைவெளிக்காக மார்ச்சிலேயே முன்பண மானியக் கோரிக்கையை நிறைவேற்றி, சில மாதச் செலவுக்கு அனுமதி வாங்கிக்கொள்வார்கள். ஜூன் 14 வரை நீளும் 61 நாள் தடைக்கு ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் என்பது ஏற்கெனவே நடப்பில் உள்ள திட்டம். ஆகவே சட்டமன்றத்தால் அது தாமதமாவதில்லை. பணம் வந்து சேரத் தாமதமானால் காரணம் பயனாளிகள் பட்டியலிலோ வங்கிக் கணக்கிலோ இருக்கும்.

புயல், வெள்ளம் வந்தால்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் நம் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கொடுத்த 6,000 ரூபாய் அந்த ஆண்டு மார்ச்சில் வாசித்த பட்ஜெட்டில் இல்லை. இப்படிப்பட்ட செலவுக்குப் பேரிடர் நிதியும் எதிர்பாராச் செலவு நிதியும் உண்டு. மற்ற கூடுதல் செலவுகளைத் துணை மதிப்பீடாக ஆண்டுக்கு இரண்டொரு முறை சட்டமன்றத்தில் வைத்து ஒப்புதல் வாங்குவார்கள்.

தேர்தல் வருடத்தில் என்ன ஆகும்?

இடைக்கால பட்ஜெட். 2021-ல் பிப்ரவரி 23 அன்று ஓ. பன்னீர்செல்வம் அதை வைத்தார். ஆட்சி மாறி, ஆகஸ்ட் 13 அன்று பழனிவேல் தியாகராஜன் திருத்திய பட்ஜெட்டை வாசித்தார். காகிதமில்லா பட்ஜெட் தொடங்கியதும் அன்றுதான். இடைப்பட்ட மாதங்களில் சம்பளம், ஓய்வூதியம் ஓடும். புதுத் திட்டங்கள் பெரும்பாலும் அசையாது.

வடசென்னை வளர்ச்சித் திட்டம் ஆயிரம் கோடி என்றார்கள், பிறகு நாலாயிரம் கோடி என்றார்கள். எது சரி?

இரண்டும். 2023-24 பட்ஜெட்டில் மூன்று ஆண்டுகளில் 1,000 கோடி என்று அறிவித்தார்கள். 2024 மார்ச்சில் தங்கசாலையில் முதலமைச்சர் தொடங்கி வைத்தபோது தொகை 4,181 கோடி. பட்ஜெட் புத்தகத்தில் 'வடசென்னை' என்ற ஒரே தலைப்பில் இத்தனை கோடி என்று தேடினால் கிடைக்காது. பெருநகர வளர்ச்சிக் குழுமம் (நம் வழக்கில் சி.எம்.டி.ஏ.) தன் நிதியிலிருந்து போடுவது, மாநகராட்சி போடுவது, குடிநீர் வாரியம், மின்வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆகியவை ஏற்கெனவே செய்யவிருந்த வேலைகள் எல்லாம் ஒரே பட்டியலில் சேர்ந்திருக்கின்றன.

இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். சிதறிக் கிடந்த வேலைகளை ஒரே இடத்தில் கண்காணிப்பது நல்லதுதான். ஆனால் 'எங்கள் தெருவுக்கு அந்த நாலாயிரம் கோடியில் என்ன வந்தது' என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த வாரியத்தின் எந்த வேலை என்று கேளுங்கள்.

எங்கள் தெருவில் வடிகால் இல்லை. மாநில பட்ஜெட்டில் அது எங்கே இருக்கும்?

பெரும்பாலும் இருக்காது. மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை, உள்தெருச் சாலை மாநகராட்சியின் வேலை. ரிப்பன் மாளிகையில் அதற்குத் தனி பட்ஜெட். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய முதல் ஆறு மண்டலங்கள்தான் நம் பக்கம். கழிவுநீர் என்றால் குடிநீர் வாரியம், அதற்கும் தனிக் கணக்கு. மாநில பட்ஜெட்டுக்கு இதில் பங்கு உண்டு: மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது.

பெரிய வடிகால்கள் தனி ரகம். கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியில் 3,220 கோடியில் நடக்கும் வேலைக்கு ஆசிய வளர்ச்சி வங்கி கடன் கொடுக்கிறது. அந்தக் கடன் மத்திய அரசு, மாநில அரசு வழியாக மாநகராட்சிக்கு வருகிறது. தோண்டிப் போட்ட பள்ளத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், மண்டல அலுவலகம்தான். வங்கியைத் தேட வேண்டாம்.

எம்.எல்.ஏ. நிதி?

ஆண்டுக்கு 3 கோடி. சமுதாயக் கூடம், ரேஷன் கடைக் கட்டடம், பள்ளிக்குச் சுற்றுச்சுவர் போன்றவற்றுக்கு இதுதான் குறுக்குவழி. சம்பளம் கொடுக்கும் எதற்கும் பயன்படாது.

அறிவித்தார்கள், கைத்தட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

அறிவிப்பு என்பது பணம் அல்ல. அதற்குப் பின் அரசாணை வர வேண்டும். அந்த அரசாணையில் நிர்வாக ஒப்புதலும், எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து பணம் என்பதும் இருக்கும். பிறகு பொறியாளரின் தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், பணி ஆணை, வேலை நடந்தபின் பில். எந்தப் படியில் நின்றுபோனது என்று தெரிந்தால்தான் யாரிடம் கேட்பது என்று தெரியும். அரசாணையே வரவில்லை என்றால் வட்டார அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. அங்கே இருப்பவருக்கே ஒன்றும் வந்திருக்காது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் நடக்கவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பலான பதில் வரும். அரசாணை எண், தேதி, கணக்குத் தலைப்பு, 2025-26 ஒதுக்கீடு, இதுவரை செலவு என்று ஐந்தையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

மார்ச் மாதத்தில் மட்டும் ரோடு போடுகிறார்களே?

மார்ச் 31-க்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். அதனால்தான் அந்த அவசரம்.

ஒதுக்கியது உண்மையில் செலவானதா என்று எங்கே பார்ப்பது?

ஒவ்வொரு பட்ஜெட் புத்தகத்திலும் மூன்று ஆண்டுகளின் எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்: முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டின் மதிப்பீடும் திருத்த மதிப்பீடும், வரும் ஆண்டின் மதிப்பீடு. அறிவித்தபோது பெரிய எண், திருத்த மதிப்பீட்டில் சின்ன எண், உண்மைக் கணக்கில் அதைவிடச் சின்ன எண் என்றால் கதை புரிந்துவிடும்.

கணக்குத் தலைப்பைப் படிப்பதும் கடினமில்லை. 2-ல் தொடங்கும் நான்கு இலக்கம் வருவாய்ச் செலவு, 4-ல் தொடங்கினால் மூலதனம், 6 என்றால் அரசு கொடுக்கும் கடன். 2210 மருத்துவமனையின் சம்பளம், மருந்து; 4210 அதே மருத்துவமனையின் கட்டடம். பள்ளிக்கு 2202, மீன்வளத்துக்கு 2405. நிதித்துறையின் பட்ஜெட் இணையதளத்தில் இந்தப் புத்தகங்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுவதும் படிக்க வேண்டாம். உங்களுக்கு வேண்டிய துறையின் மானியக் கோரிக்கைப் புத்தகத்தையும் அதன் கொள்கை விளக்கக் குறிப்பையும் எடுத்தால் போதும். ஓராண்டு கழித்துத் தணிக்கைத் தலைவரின் (சி.ஏ.ஜி.) அறிக்கை வரும். ஒதுக்கியும் செலவழிக்காத தொகை எந்தத் துறையில் அதிகம் என்று அதில் இருக்கும். அதைச் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு விசாரிக்கும்.